முதல் விசிலுக்கு முந்தைய மணிநேரங்கள்

பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் அத்லெட்டிகோ மினெய்ரோ என்ற கால்பந்து அணி இருக்கிறது. முக்கியமான ஆட்டம் என்றால் அதன் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே சாலையின் இருபுறமும் திரண்டுவிடுவார்கள். கையில் தீப்பந்தங்கள், புகைக்குச்சிகள், கொடிகள். வாயில் ஓயாத பாட்டு. வீரர்களின் பேருந்து அந்தப் புகைமூட்டத்துக்குள் ஊர்ந்து வரும். இந்த வரவேற்புக்கு ‘நெருப்புத் தெரு’ என்று பெயர்.

2022இல் க்ருசெய்ரோ அணியுடன் மாநில இறுதிப்போட்டி நடந்த நாளில், மானிடவியலாளர் திமித்ரிஸ் சிகலாடாஸும் அவருடைய குழுவினரும் ரசிகர்கள் சிலரின் உடைக்குள் இதயத்துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்தினார்கள். ஒருவருடைய துடிப்பு ஏறும்போது அடுத்தவருடையதும் ஏறி, தணியும்போது சேர்ந்தே தணிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். 2025இல் வெளியான முடிவு என்னை அசத்தியது. ஆட்டத்தின் பெரும்பகுதியை விடப் பேருந்தை வரவேற்ற நேரத்தில்தான் இதயங்கள் அதிகம் ஒத்திசைந்திருந்தன. அதை மிஞ்சியது சொந்த அணி கோல் அடித்த தருணம் மட்டுமே.

ஆட்டத்துக்கு முன் கூடுவதைப் பொழுதுபோக்காகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த அளவீட்டை வைத்துப் பார்த்தால், ரசிகர்களை ஒரு கூட்டமாகப் பிணைக்கும் வேலையில் பெரும்பங்கு வாசலிலேயே நடந்துவிடுகிறது என்று தோன்றுகிறது.

இது எப்படி நடக்கிறது? சடங்குகளில் மக்கள் கூடி ஒன்றாகப் பாடி ஆடும்போது தனிமனிதனிடம் இல்லாத ஒரு கிளர்ச்சி கூட்டத்தில் பிறக்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் 1912இலேயே எழுதினார். அதன் உடல்சார்ந்த விளக்கம் பின்னால்தான் வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டும் வீரர்களை ஆய்வாளர்கள் துடுப்பு இயந்திரங்களில் உட்கார வைத்தார்கள். ஒரு முறை தனித்தனியாக, இன்னொரு முறை குழுவாக ஒரே தாளத்தில். பயிற்சி முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை காற்றை ஏற்றினார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் அதிக வலியைத் தாங்க முடிந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் வலியைக் குறைக்கும், இதமான உணர்வைத் தரும். ஆகவே தாளம் ஒத்துப்போகும்போது அதன் சுரப்பு கூடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூட்டாளிகள் மேல் நெருக்கம் வளர்வதற்கும் இதுவே காரணம் என்பது அவர்களுடைய வாதம்.

நெதர்லாந்து ரசிகர்கள் ஆரஞ்சு உடையில் மைதானம் நோக்கி ஊர்வலம் போகும்போது, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இடப்பக்கம் குதித்து, வலப்பக்கம் குதித்து முன்னேறுவார்கள். துடுப்பு ஆய்வில் கண்ட அதே ஒத்திசைவு அங்கே தெருவில் நடக்கிறது.

உடல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்றால், கூடும் விதம் மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது? ‘அந்த நாட்டவரின் குணம் அப்படி’ என்ற பதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம், சட்டம், பயண வசதி, ஆட்ட அட்டவணை ஆகியவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம். அதன் மைதானங்கள் பலவற்றைச் சுற்றிப் பரந்த கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. ரசிகர்கள் ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பைப் பற்ற வைத்து இறைச்சி வாட்டத் தொடங்குகிறார்கள். பின்கதவின் பெயராலேயே இதை டெயில்கேட்டிங் என்கிறார்கள். தொழில்முறை லீக்கில் ஓர் அணி வழக்கமான பருவத்தில் சொந்த ஊரில் ஆடுவது ஆண்டுக்கு 8 அல்லது 9 ஆட்டங்கள்தான். அத்தனை அரிதாக வரும் நாளை முழுநாள் திருவிழாவாக்குவது இயல்பே.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரிமியர் லீக்கில் அந்த எண்ணிக்கை 19. பழைய மைதானங்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே எழுந்தவை. காரை நிறுத்தவே இடமில்லை, அடுப்பு மூட்டுவது எங்கே? அதனால் கூடுமிடம் தெருமுனை மதுக்கூடம் ஆனது. சனிக்கிழமை மாலை 3 மணிக்கு ஆட்டம் என்ற மரபின் வேரும் ஆலைகளில்தான் இருக்கிறது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்கள், இளையோரின் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு முடிக்கச் சொன்னது. பிறகு 1985இல் வந்த சட்டம், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்றது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்க முடியாததால் பலர் முன்பே குடித்துவிடுகிறார்கள்.

அதே இங்கிலாந்தில் ரக்பிக்குப் போனால் காட்சி மாறிவிடுகிறது. ட்விக்கன்ஹாம் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் காரின் பின்புறத்தைத் திறந்து, மேசை விரித்துச் சாப்பிடுகிறார்கள். இரு அணி ரசிகர்களும் கலந்தே உட்காருகிறார்கள். நாடு ஒன்று, மக்கள் ஒன்று, வழக்கம் வேறு. குணத்தைக் காரணம் காட்டுவோர் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஜெர்மனியில் பல கிளப்புகளின் ஆட்ட டிக்கெட்டே உள்ளூர் ரயிலுக்கும் செல்லும். அதனால் ரயில்பெட்டியிலேயே பாட்டு தொடங்கிவிடுகிறது. ஜப்பானின் கால்பந்துத் தொடரான ஜே லீக்கில் மைதானத்துக்கு வெளியே உள்ள உணவுக்கடைகளில் இரு அணியினரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

யார் யாருடன் கூடுகிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவின் குழுவினர் செய்த சோதனை 2005இல் வெளியானது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களிடம் தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, வேறு கட்டடத்துக்கு நடக்க வைத்தார்கள். வழியில் ஓடிவந்த ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். எல்லாம் நடிப்புதான். அவர் யுனைடெட் சட்டை அணிந்திருந்தபோது பெரும்பாலோர் உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் உதவியவர்கள் குறைந்துபோனார்கள். அடுத்த சோதனையில், கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றிப் பொதுவாக எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் கைகள் நீண்டன.

சில நிமிடம் எதை நினைத்தோம் என்பதே ‘நம்மவர்’ என்ற வட்டத்தை விரிக்கிறது அல்லது சுருக்குகிறது. அப்படியானால் எதிரணிக்காரருடன் ஒரே மேசையில் உண்ட பிறகு உள்ளே போகிறவரும், ‘உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய மதுக்கூடத்திலிருந்து போகிறவரும் ஒரே மனநிலையில் இருக்க மாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

இந்த மணிநேரங்களின் அருமை ரசிகர்களுக்குத் தெரியும். ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான புண்டஸ்லிகா தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவு ஆட்டங்களை வைத்தபோது, வேலைநாளில் வெளியூர் சென்று கூடவே முடியாது என்று அவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2021-22 பருவத்திலிருந்து அந்தத் திங்கட்கிழமை ஆட்டங்கள் கைவிடப்பட்டன.