விட்டுப்போன வாசிப்பு எப்படித் திரும்புகிறது?

ஏப்ரல் விடுமுறையில் ஆசையாகப் புத்தகத்தைத் திறக்கிறோம். இரண்டு பக்கம் போவதற்குள் கை ஃபோனைத் தேடுகிறது. இதைச் சோம்பல் என்று நினைத்து வெட்கப்படுகிறவர்கள் இலங்கை மலையகத்தில் நிறையப் பேர். வெட்கப்பட ஒன்றுமில்லை. பழக்கம் விட்டுப்போன வேலை எதுவும் முதலில் கனக்கத்தான் செய்யும்.

வாசிக்கும்போது கண் வரிமீது வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும் கணத்தில் எதுவும் தெளிவாகப் பதியாது. நன்றாக வாசிப்பவரின் கண்கூடப் பத்துத் தாவலில் ஒன்றையாவது பின்னோக்கி வைக்கும். நடை கடினமானால் இந்தப் பின்தாவல் கூடிவிடும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற நீண்ட சொல்லில் கண் இரண்டு முறை நிற்க வேண்டிவரும். எழுத்தைச் சொல்லாக்கும் வேலை தன்னால் நடந்தால்தான் மனம் முழுவதும் கதைக்குப் போகும். வாசிப்பின் இன்பம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் தடித்த இலக்கியத்தில் தொடங்காதீர்கள். நடுப்பக்கம் ஒன்றைப் புரட்டுங்கள். 200 சொல் உள்ள பக்கத்தில் நாலுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் புத்தகம் பிறகு ஆகட்டும். சிறுகதையோ, முன்பு ரசித்த நாவலோ போதும்.

அடுத்தது வெளிச்சம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஜன்னல் சின்னது, பல்ப் உயரத்தில் தொங்கும். பனிமூட்டம் இறங்கினால் பின்னேரமே அறை இருண்டுவிடும். மங்கலில் கண்மணி விரியும், எழுத்தின் விளிம்பு கலங்கும். 2 மீட்டரில் இருக்கும் பல்பை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்காகும். பகலென்றால் வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்காருங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து வாசித்தால் கண் பரிசோதனை அவசியம். ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டும் தேவைப்பட்டிருக்கலாம்.

ஃபோனை அடுத்த அறையில் வையுங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடும். செய்தி பார்த்துவிட்டுத் திரும்பியவர் அதே பந்தியை மறுபடி வாசிப்பது அதனால்தான்.

நேரம் 15 நிமிடம் போதும். ஆனால் தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள்: பின்னேரத் தேத்தண்ணி குடித்த கையோடு புத்தகம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்றது கணக்கு. ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை. விட்டதை ஈடுகட்ட மறுநாள் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்தான் சலித்துப் போகிறார்.

சித்திரைப் பிறப்பன்று தொடங்கினால் 66 நாள் ஜூன் நடுப்பகுதியைத் தாண்டும். அதற்குள் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தாளில் பூஞ்சணம் வரும். புத்தகங்களை ஈரச் சுவரை ஒட்டி அடுக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். நனைந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்காதீர்கள். பக்கங்களை விரித்து நிழலில் காயவைத்த பிறகே அடுக்குங்கள்.