பவர் பேங்க் தீப்பிடித்தால் இழப்பீடு: புகாரைத் தோற்கடிக்கும் தவறுகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெறாத பவர் பேங்கை இந்தியாவில் விற்கக் கூடாது என்பது சட்டம். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் சரக்கைப் பார்த்தால், அச்சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடாதீர்கள். இப்பொருளுக்கு அம்முத்திரை வழங்கப்படுவதில்லை. ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதே 13252 சார்ஜர் அடாப்டருக்கும் உரியது என்பதால், எண் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் நம்பாமல், தர அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் பதிவு எண்ணை இட்டுப் பிராண்டும் பொருள் வகையும் கையில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள்.

'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டை ஏற்காமல், கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். வரிச் சலுகைக்காக உங்கள் நிறுவனத்தின் பெயரில் பில் போட்டால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்கு நீங்களே எடுத்துக் கொடுத்தவர் ஆவீர்கள். ஆனால், பில் அண்ணன் பெயரில் இருக்கிறது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வாங்கியவரின் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே.

தீப்பிடித்த பிறகுதான் பெரிய இழப்பு நேர்கிறது. சர்வீஸ் சென்டரில் எரிந்த பொருளை 'ஆய்வுக்கு' என்று வாங்கிக்கொண்டு, புதியதொன்றைக் கையில் கொடுத்து, 'எனது புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது' என்ற வரியின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தோடு உங்கள் சான்றும் வழக்கும் ஒருசேரப் போய்விடக்கூடும். நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கக்கூடும் என்பதால், படம் எடுத்துவிட்டு, ஆறிய பிறகு மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்திருங்கள். தீ சிறியதாக இருந்தாலும் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அவர்கள் வராத விபத்துக்கு அவர்களிடம் சான்று பெறுவது கடினம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பும். 'தவறாகப் பயன்படுத்தியதால் சேதம்' என்று நிறுவனம் ஒற்றை வரி பதில் எழுதினால், புகார் முடிந்ததாகக் காட்டப்படலாம். அது தீர்ப்பன்று, ஏனெனில் உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சேவைக்கு இல்லை. அங்கே மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், ஆணையத்தில் புகார் செய்வதற்கான இரண்டாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். தர அமைவனத்திடம் புகார் செய்வதும் அவசியமே; ஆனால் அது முதன்மையாக விற்றவர் மீது நடவடிக்கை எடுக்கவே உதவும், இழப்பீட்டுக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

இழப்பீடு கேட்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 'பெங்களூரு நீதிமன்றங்களுக்கு உட்பட்டது' என்று பில்லின் பின்புறம் அச்சிட்டிருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் ஆகிய அனைவரையும் எதிர்த்தரப்பில் சேர்த்து, எரிந்த மெத்தை, செல்போன், மருத்துவச் செலவு, மன உளைச்சல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை குறிப்பிடுங்கள். பவர் பேங்கின் விலையைத் திருப்பித் தர நிறுவனம் முன்வருவது பெரும்பாலும் இந்தப் பட்டியலைத் தவிர்ப்பதற்காகவே.