ஸ்டாட்யூட் லேபர்: நாட்களால் கட்டிய வரி

கனடாவின் பழைய ஊர் வரலாறுகளைப் புரட்டினால் பத்துப் பக்கத்துக்கு ஒரு முறையாவது கண்ணில் படும் சொல் ‘ஸ்டாட்யூட் லேபர்’. தமிழில் எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் ‘கட்டாய உழைப்பு’ என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைப் படிப்பவர் மனதில் சங்கிலியும் சவுக்கும்தான் வரும். உண்மையில் அங்கே நடந்தது வேறு. ஒரு குடியானவன் வருஷத்தில் சில நாட்கள் மண்வெட்டியும் கோடரியுமாகப் போய்த் தன் ஊர்ச் சாலையில் வேலை செய்துவிட்டு வருவான். கையில் காசில்லாத ஊரில் வரியை நாட்களாகக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் முதல் பாதி லத்தீன் வழி வந்தது. ‘ஸ்டாட்யூட்டும்’ என்றால் நிறுத்தப்பட்டது, நிலைநாட்டப்பட்டது. அதிலிருந்து சட்டமன்றம் இயற்றிய எழுத்துச் சட்டம் என்ற பொருள் வந்தது. ‘லேபர்’ உழைப்பு. ஆக, சட்டம் விதித்த உழைப்பு. பண்ணையாரோ ராஜாவோ நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டு வாங்குகிற வேலை இல்லை, இத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொன்ன வேலை. இந்த ‘எண்ணிச் சொன்ன’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பிறந்த ஊர் இங்கிலாந்து. 1555-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பிரிவும், தன் எல்லைக்குள் உள்ள சாலையைத் தானே பழுது பார்க்க வேண்டும், அதற்கு மக்கள் ஆண்டுக்கு 4 நாள் வேலை தர வேண்டும் என்றது. 1563-இல் அது 6 நாளானது. இங்கிலாந்தில் இந்த முறை 1835 வரை நீடித்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அது கப்பலேறிக் கனடா போய்விட்டது.

1791-இல் கியூபெக் மாகாணத்தை மேல் கனடா, கீழ் கனடா என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் இன்றைய தெற்கு ஒன்டாரியோதான் மேல் கனடா. அதன் முதல் துணை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ. 1793-இல் நயாகரா ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த நியூவார்க்கில் கூடிய சட்டமன்றம் இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து நிறைவேற்றியது. ஒன்று, ஊர் அதிகாரிகளை நியமிப்பது பற்றி. மற்றது, சாலை போடுவதும் பராமரிப்பதும் பற்றி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

முதல் சட்டப்படி மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். எழுத்தர், வரி மதிப்பிடுபவர், வரி வசூலிப்பவர், வழிதவறி மேயும் மாட்டை அடைக்கும் பட்டிக்காரர், சாலை மேற்பார்வையாளர்கள் ஆகியோரை அங்கே தேர்ந்தெடுப்பார்கள். வேலி எத்தனை உயரம் இருந்தால் சட்டப்படி வேலி என்பதையும் அந்தக் கூட்டமே முடிவு செய்யும். அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. சிம்கோவுக்கு ஊர்க்கூட்டம் என்றாலே கொஞ்சம் கசப்பு. அமெரிக்கப் புரட்சி, நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் ஊர்க்கூட்டங்களில்தான் ஊறியது என்ற நினைப்பு. அதனால் புதுச்சாலை எங்கே போக வேண்டும் என்பது போன்ற பெரிய முடிவுகள் அரசு நியமித்த மாஜிஸ்ட்ரேட்டுகள் கையில் இருந்தன. ஊர் தேர்ந்தெடுத்தவருக்கு மிஞ்சியது வேலை வாங்கும் பொறுப்பு மட்டும்.

அந்த மேற்பார்வையாளரை மக்கள் ‘பாத்மாஸ்டர்’ என்றார்கள். இவருக்கு நான் அகராதி பார்க்கவே தேவையில்லை. நம்மிடம் ‘கண்காணி’ இருக்கிறார். ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, வேலை வாங்கி, கணக்கு வைப்பவர். இலங்கை, மலேயா தோட்டங்கள் வழியாக ஆங்கிலத்துக்கே நாம் கொடுத்த சொல் அது. தோட்டத்துக் கண்காணிக்கு இருந்த கெட்ட பெயர் இவருக்கு ஒட்டாமல் இருக்க ‘சாலைக் கண்காணி’ என்று எழுதலாம். பாத்மாஸ்டர் ஒரு பக்கத்துவீட்டுக்காரர்தானே. இந்த வருஷம் அவர், அடுத்த வருஷம் நீங்கள்.

வேலை நாள் எப்படி இருக்கும்? ஆண்டுக்கு 12 நாள் வரை வாங்கலாம் என்றது 1793 சட்டம். ஆட்கள் தங்கள் கருவிகளைத் தாங்களே கொண்டு வர வேண்டும். மாடும் வண்டியும் உள்ளவர் அவற்றோடு வருவார். மரத்தை வெட்டுவது எளிது. அடிக்கட்டையைப் பெயர்ப்பதுதான் பாடு, அதனால் பல இடங்களில் கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்கு இடையில் வளைந்து வளைந்து வண்டி ஓட்டினார்கள். சேறு வந்தால் மரத்தண்டுகளைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கிவிடுவார்கள். அதன் மேல் வண்டியில் போனவர்களின் முதுகெலும்பு அந்தச் சாலையைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடன் கழிந்தால் சரி என்று வந்து நின்றவர்களும் உண்டு.

ஆனால் சாலை மோசமானதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ஊரிலும் நிலத்தில் ஏழில் ஒரு பங்கு புராட்டஸ்டண்ட் குருமாருக்கு, இன்னொரு ஏழில் ஒரு பங்கு அரசுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஆளில்லாத நிலத்துக்கு முன்னால் யார் சாலை போடுவது? உங்கள் வீட்டு வாசலில் நல்ல பாதை, அடுத்த மனையில் காடு. 1817-இல் ராபர்ட் கோர்லே என்ற ஸ்காட்லாந்துக்காரர், உங்கள் ஊர் முன்னேறத் தடை எது என்று ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பினார். திரும்பத் திரும்ப வந்த பதில் இந்தத் தரிசு ஒதுக்கீடும் ஊரில் இல்லாத நிலக்காரர்களும்தான். 1819-இல் அவரை நாடு கடத்திவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர் மிகுந்த கீழ் கனடாவில் இதே வேலைக்குப் பிரெஞ்சுச் சொல் ‘கோர்வே’. ‘கேட்டு வாங்கிய வேலை’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். கேட்டார்களா, வாங்கினார்களா என்பது வேறு கதை. கியூபெக் நகரையும் மொன்றியலையும் இணைத்து 1737-இல் முடிந்த ‘ராஜபாட்டை’ இந்த உழைப்பில் வந்தது. ஆங்கிலேயர் 1796-இல் புதிய சாலைச் சட்டம் கொண்டு வந்தபோது, பழைய கோர்வே புது உடுப்பில் வருகிறது என்று மக்கள் கலவரத்தில் இறங்கினார்கள். இன்றைய கியூபெக்கில் அதே சொல், நண்பர்கள் கூடி வேலையை முடித்துத் தரும் கூட்டுழைப்புக்கும் வழங்குகிறது.

அப்புறம், தமிழ்ச் சொல். நம்மிடம் பஞ்சமில்லை. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லா வேலைக்கு ‘வெட்டி’, ‘அமஞ்சி’ இரண்டும் உண்டு. ஆனால் ‘வெட்டி’ இன்று வெட்டிப்பேச்சு, வெட்டிப்பயல் என்று இறங்கிவிட்டது, அதை மீட்க முடியாது. ‘ஊழியம்’ டச்சுக்காரர் காலத்து இலங்கையில் கிட்டத்தட்ட இந்தப் பொருளில் இருந்தது. இப்போது அது தேவாலயத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் போய்விட்டது. ‘குடிமராமத்து’ செய்கையில் மிக நெருக்கம், ஆனால் அது ஏரிக்கும் வாய்க்காலுக்கும் உரியது. அதையும் சென்னை மாகாணத்தில் 1858-இல் ஆங்கிலேயர் சட்டமாக்கினார்கள்.

என் தேர்வு ‘உழைப்பு வரி’. காரணம் இலங்கையில் இருக்கிறது. அரசனுக்காகக் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த ‘ராஜகாரியம்’ என்ற கட்டாய வேலையை 1832-இல் ஒழித்த அதே ஆங்கிலேய அரசு, 1848-இல் சாலைச் சட்டம் கொண்டு வந்து, ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் சாலையில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு மற்ற புதிய வரிகளோடு இதுவும் ஒரு காரணம். நாளுக்குப் பதில் காசு கட்டலாம் என்றால் அது வரிதானே. மேல் கனடாவிலும் பிற்பாடு சொத்து மதிப்புக்கேற்ப நாட்களைக் கூட்டிக் குறைத்தார்கள், பணமாகக் கட்டவும் விட்டார்கள். ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல்லில் இந்தக் கணக்கு வராது.

1849-இல் கனடா அரசியல் தலைவர் ராபர்ட் பால்ட்வின் கொண்டு வந்த நகராட்சிச் சட்டம் ஊர்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றங்களைத் தந்தது. சாலையும் மாஜிஸ்ட்ரேட்டுகளின் பிடியிலிருந்து நழுவி மன்றங்களிடம் வந்தது. உழைப்பு வரி மட்டும் உடனே போகவில்லை. ஊராட்சி இல்லாத வடபகுதிகளுக்காக ‘ஸ்டாட்யூட் லேபர் ஆக்ட்’ என்ற பெயரிலேயே ஒரு சட்டம் 1990-இல் திருத்தித் தொகுத்த ஒன்டாரியோ சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.