அடிபட்ட மூக்கில் அடைப்பு எந்த இடத்தில்?

போன ஆண்டு ஒரு கபடி வீரர் வந்தார். இருபதுகளில் இருப்பவர். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) உட்கார்ந்ததும், நான் எதுவும் கேட்கும் முன்பே, வலது கன்னத்தில் இரண்டு விரலை வைத்துக் காதுப் பக்கமாக இழுத்துக் காட்டினார். "இப்படிப் பிடிச்சா மூச்சு நல்லாப் போகுது டாக்டர். விட்டா அடைச்சுக்குது. ராத்திரியில பிளாஸ்திரியை இழுத்து ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன்."

ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கை மூக்கில் இடித்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு" என்று சொல்லி, வேறோர் ஊரில் அதை நேராக்கும் அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது. எண்டோஸ்கோப்பில் பார்த்தேன். தண்டு, அதாவது இரண்டு நாசிகளுக்கும் நடுவிலுள்ள சுவர், நேராகவே இருந்தது. செய்தவர் சுத்தமாகச் செய்திருந்தார். ஆனால் அவருடைய அடைப்பு அங்கே இல்லை. கன்னத்தை இழுத்து அவர் காட்டிய இடத்தில் இருந்தது.

நாசித் துவாரத்துக்குச் சற்று உள்ளே, மூக்கின் பக்கவாட்டுக் குருத்தெலும்பு நடுச்சுவரோடு சேரும் இடத்தை வால்வு என்போம். மூச்சுப் பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். அந்தக் கோணம் இயல்பிலேயே 10 முதல் 15 டிகிரிதான். அடிபட்டதில் பக்கச் சுவர் உள்ளே சரிந்துவிட்டால், மூச்சை வேகமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது நடுச்சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஊறி நைந்துபோன காகித ஸ்ட்ராவை உறிஞ்சினால் என்ன ஆகுமோ அதேதான். கன்னத்தை இழுத்தால் அந்த இடம் விரிகிறது, மூச்சு போகிறது. நாங்கள் செய்யும் ஒரு பரிசோதனையை, யாரும் சொல்லித்தராமலே அவர் தினமும் செய்துகொண்டிருந்தார்.

"தண்டு வளைவு" என்ற சொல் எங்கள் துறையில் மிக எளிதாக வாயில் வந்துவிடுகிறது. லேசான வளைவு ஏராளமானவர்களுக்கு உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். அடிபட்ட மூக்கில் வளைவு தெரிகிறது என்பதாலேயே அடைப்புக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நடுச்சுவரின் முன்நுனி இடம் பெயர்ந்து ஒரு துவாரத்தையே மறைத்திருக்கலாம். மூக்கெலும்பு உள்ளே அமுங்கி, பாதையின் மேற்பகுதியைக் குறுக்கியிருக்கலாம். உள்ளே புண்ணான இடங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டி, குறுக்கே பாலம் போட்டிருக்கலாம். சுவர் ஒரு பக்கம் சாய்ந்தால், காலியான எதிர்ப்பக்கத்தில் டர்பினேட் என்ற சதை பெருத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால்தான் சிலர், வளைவு இல்லாத பக்கம் அடைக்கிறது என்று சொல்லும்போது நாம் அதை நம்ப வேண்டும். பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. முதலில் மூக்கைத் தொடாமல், சாதாரணமாக மூச்சிழுக்கச் சொல்லிக் கீழிருந்து பார்க்க வேண்டும். துவாரத்தைத் திறந்துபிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்துவிட்டால், சரிந்திருக்கும் வால்வும் திறந்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். அடுத்து, சவ்வைச் சுருக்கும் மருந்தை உள்ளே அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பேன். அதில் மூச்சு திறந்துகொண்டால் பிரச்சினை பெரும்பாலும் சவ்விலும் சதையிலும் இருக்கிறது. அப்படியே இருந்தால் எலும்பிலும் குருத்தெலும்பிலும். பிறகுதான் எண்டோஸ்கோப். சிடி ஸ்கேன் எல்லோருக்கும் அவசியமில்லை. முகத்தில் வேறு எலும்புகள் முறிந்திருந்தாலோ சைனஸ் தொல்லை இருந்தாலோ எடுப்போம்.

அலர்ஜி இருப்பவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்துப் பார்ப்பது நியாயம். ஆனால் ஸ்ப்ரே குருத்தெலும்பை நிமிர்த்தாது. 2023-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், வளைவால் அடைப்புள்ள 378 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும் மற்றதற்கு ஸ்ப்ரேக்களும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களே தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும், சில நிமிடத்தில் அடைப்பு திறக்கும் சொட்டு மருந்து விஷயம் வேறு. ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஆண்டுக்கணக்கில் சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு வாழ்பவர்களைப் பார்க்கிறேன், மனம் கனக்கிறது.

இனி அறுவை சிகிச்சைகள். நடுச்சுவர் மட்டும்தான் காரணம் என்றால், அதை நேராக்கும் செப்டோபிளாஸ்டி. வெளியே தழும்பு வராது. பழைய முறையில் சுவரை நிறைய வெட்டி எடுத்துவிடுவார்கள். சிலருக்கு நாளடைவில் மூக்கின் வெளிமுகடு அமுங்கிப் போகும். இப்போது மேற்புறமும் முன்புறமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைக்கிறோம். கூரையைத் தாங்கும் உத்தரமும் தூணும் மாதிரி. டர்பினேட் பெருத்திருந்தால் உள்ளிருந்து கொஞ்சம் குறைக்கலாம். முழுவதும் வெட்டி எடுப்பதை நான் ஏற்பதில்லை. பாதை விரிவாக இருந்தும் மூச்சு போவதே உணர்வில் தெரியாமல் தவிக்கும் நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவருவது மிகக் கடினம்.

வெளி மூக்கே கோணியிருந்தால் உள்ளே மட்டும் நிமிர்த்துவது வேலைக்கு ஆகாது. எலும்பையும் நடுச்சுவரையும் சேர்த்துச் சீரமைக்கும் செப்டோரைனோபிளாஸ்டி வேண்டும். இதை அழகுக்கான ஆபரேஷன் என்று நினைத்துக் கூச்சப்பட்டு, "மூச்சு மட்டும் சரிபண்ணுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கில் வடிவமும் மூச்சும் ஒரே சட்டத்தில் நிற்பவை. வால்வு சரிந்தவர்களுக்கு, நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே தீக்குச்சி போல மெலிந்த துண்டு ஒன்றைச் செருகி அந்தக் கோணத்தை விரிப்போம். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். துண்டை நடுச்சுவரிலிருந்தே எடுப்பது வழக்கம். கபடி வீரருக்கு அங்கே மிச்சம் போதவில்லை. காது மடலின் உட்குழிவிலிருந்து எடுத்தோம். காதின் வடிவம் மாறாது. அதுவும் போதாவிட்டால் விலா எலும்பின் குருத்து.

எந்த அறுவை சிகிச்சையிலும் ரத்தக்கசிவு, தொற்று, மேல் முன்பற்களில் சில வாரம் மரமரப்பு வரலாம். அரிதாக நடுச்சுவரில் ஓட்டை விழலாம். ஒருசிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே, "எனக்கு எந்த இடத்தில் அடைக்கிறது?" என்றும் கேளுங்கள்.

அடிபட்ட முதல் நாட்களைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விழுந்த குழந்தைக்கு ஓரிரு நாளில் இரண்டு மூக்கும் சேர்ந்து அடைத்து, வலி கூடி, உள்ளே மெத்தென்று வீங்கித் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். நடுச்சுவரின் உறைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்கு ஊட்டம் அந்த உறையிலிருந்துதான் வருகிறது. ரத்தத்தை வெளியேற்றாவிட்டால் மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு அழியத் தொடங்கும், சீழ் பிடிக்கும், பின்னாளில் மூக்கு நடுவில் பள்ளமாகிவிடும். "வீக்கம் தானா வடியும்" என்று காத்திருந்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அடிக்குப் பின் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒழுகினால் மூளைநீராக இருக்கலாம், அதுவும் அவசரம்.

முறிந்த எலும்பை, வீக்கம் வடிந்த பிறகு, பெரியவர்களுக்கு சுமார் இரண்டு வாரத்துக்குள்ளும் குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள்ளும், வெட்டாமலே நிமிர்த்திவிடலாம். அந்த நாட்கள் கடந்தால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். பிறகு திசுக்கள் இளகும்வரை மூன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருந்துதான் பெரிய சிகிச்சை செய்ய முடியும்.

எக்ஸ்ரேயில் மூக்கு முறிவு தெரியாமலும் போகும்; சிகிச்சையை முடிவு செய்வது கையும் கண்ணும்தான். ஆனாலும் முதல் நாள் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து, அடிதடி என்றால் மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். காப்பீட்டில் மூக்கு வளைவுக்கு இரண்டாண்டு காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள், ஆனால் விபத்தால் வந்ததற்கு அது பொருந்தாது. பிளாஸ்டிக் சர்ஜரி விலக்கிலும் விபத்துக்குப் பிந்திய சீரமைப்புக்கு இடமுண்டு. அன்றைய சீட்டு கையில் இல்லாததால் மறுக்கப்பட்டு, கடன் வாங்கிச் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கபடி வீரருக்கு ஒரு வாரத்தில், மூக்கைத் தாங்க வைத்திருந்த ஸ்ப்ளின்ட்டை எடுத்தோம். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புநீரால் கழுவ வேண்டும், மூன்று மாதம் களம் இறங்கக் கூடாது என்றேன். கடைசியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் மாதம் வந்தபோது மூக்கு நுனியில் இன்னும் லேசான வீக்கம் இருந்தது. அது முழுதாக வடிய ஓராண்டுகூட ஆகும். வாயை மூடி, கன்னத்தைத் தொடாமல், ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக் காட்டினார். பக்கச் சுவர் அசையவில்லை.