வால்வு மாறினாலும் நாண்கள் இருக்கட்டும்

இதய வால்வு மாற்ற வேண்டும் என்றதும், சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது "மெட்டலா, டிஷ்யூவா?" என்றுதான். புது வால்வு உலோகமா, விலங்குத் திசுவா என்பது அவசியமான கேள்விதான். ஆனால் பழைய வால்வில் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிறது. முன்னிதழ், பின்னிதழ் என இரண்டு இதழ்கள். அவற்றிலிருந்து மெல்லிய நாண்கள் பல இறங்கி, கீழறைச் சுவரிலுள்ள இரண்டு தசைகளில் சேர்கின்றன. காத்தாடிக்குச் சூத்திரம் கட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த அமைப்பு. இதயம் சுருங்கும்போது இதழ்கள் மேல்பக்கம் புரளாமல் நாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அதோடு முடியவில்லை. வால்வு வளையத்தையும் கீழறைச் சுவரையும் அவை சேர்த்துப் பிடிப்பதால்தான் அறையின் வடிவம் குலையாமல், சுருங்கும் வலுவும் நிற்கிறது.

1960இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார் கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வைப் பொருத்தினார். அந்தக் காலத்தில் இதழ், நாண் எல்லாவற்றையும் வெட்டியெடுப்பதே வழக்கம். சரியாக மூடாத வால்வின் ரத்தக் கசிவு நின்ற பிறகும் பலருக்குக் கீழறை தளர்ந்து பெருத்தது. 1964இல் இன்னொரு அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லஹை பின்னிதழையும் அதன் நாண்களையும் விட்டுவைக்கச் சொன்னார். உடனே எடுபடவில்லை, 1980களில் டைரோன் டேவிட் போன்ற அறுவை மருத்துவர்கள் மறுபடி கையிலெடுத்த பிறகே பரவியது.

பின்னிதழ் எளிது. மடித்து, புது வால்வைத் தைக்கும் தையலிலேயே சேர்த்துவிடலாம். கீழறையின் பின்சுவர் கிழியும் ஆபத்தும் இதனால் குறைகிறது. முன்னிதழில்தான் சிக்கல். ரத்தம் பெருந்தமனிக்குப் போகும் வழியை ஒட்டி அது இருக்கிறது; அப்படியே விட்டால் வழியை மறைக்கலாம், உலோக வால்வின் தகட்டிலும் சிக்கலாம். அதனால் நடுப்பகுதியை நீக்கி, நாண்கள் பிடித்திருக்கும் ஓரத்தை இரண்டாகப் பிரித்து, வளையத்தின் இருபக்கமும் தைப்பது ஒரு முறை.

வாதக் காய்ச்சலில் கெட்ட வால்வு என்றால் நிலைமை வேறு. நாண்களே தடித்து, ஒட்டி, சுண்ணாம்பு படிந்திருக்கும். பல சமயம் வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது தசையிலிருந்து வளையத்துக்கு பி.டி.எஃப்.இ. என்ற செயற்கை நூலைக் கட்டுவதுண்டு. நீளம் குறைந்தால் சுவரை இழுக்கும், கூடினால் கட்டியும் பயனில்லை.

எந்த இதழ், எந்த நாண் மிச்சம் என்பதை டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வேறு இடத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவருக்கு, வால்வின் கீழே ஆடும் திசு பழைய இதழா, புதிய கோளாறா என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.