பிரிட்டனில் பைக் எடுக்கும் தம்பிகளே, "இன்சூரன்ஸ் இருக்கு" என்றால் போதாது

சாப்பாடு டெலிவரிக்குப் போன ஒரு மாணவரின் பைக்கை மறுபடியும் காவல்துறை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் அதே புலம்பல்: "அண்ணா, இன்சூரன்ஸ் போட்டிருந்தேனே!" லண்டனில் சி.பி.டி. என்ற கட்டாய அடிப்படை பைக் பயிற்சி கொடுப்பவனாக இதை இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்சூரன்ஸ் வாங்கும்போது, வண்டி எதற்கு என்று ஒரு கேள்வி வரும். சொந்த உபயோகம், வேலைக்குப் போய்வர, கூலிக்குப் பொருள் கொண்டுபோக என்று பதில்கள் இருக்கும். கடைசியில் உள்ளதற்குத்தான் 'ஹயர் அண்ட் ரிவார்டு' என்று பெயர். விலையும் அதற்குத்தான் அதிகம். அதனால் இரண்டாவதை அமுக்கிவிட்டு, "டெலிவரியும் வேலைதானே" என்கிறார்கள். இல்லை. வேலைக்குப் போய்வருவது என்றால் வீட்டிலிருந்து வேலையிடம், வேலையிடத்திலிருந்து வீடு. காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பீட்சாவை அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அந்த நேரத்தில் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். நண்பனுக்குப் பதிலாக ஒரு நாள் மட்டும் என்றாலும் அப்படித்தான். டெலிவரி ஆப் கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு வேறு, சாலையில் ஓட்டச் சட்டம் கேட்கும் இன்சூரன்ஸ் வேறு. நம்பர் பிளேட்டைப் படிக்கும் காவல்துறைக் கேமராவில் இன்சூரன்ஸ் இருப்பதாகத்தானே காட்டும் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். முதுகில் சாப்பாட்டுப் பை தொங்கினால், காவலர் எந்த வகை இன்சூரன்ஸ் என்று விசாரிப்பார்.

மாட்டினால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸ் பதிவில் 6 தண்டனைப் புள்ளிகள், வண்டி பறிமுதல். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. இந்தக் குற்றத்துக்கான ஐ.என்.10 என்ற குறி 4 ஆண்டுகள் பதிவில் நிற்கும். அதோடு அடுத்த இன்சூரன்ஸ் கேட்டுப் பாருங்கள், விலை தெரியும். யாரையாவது இடித்திருந்தால், அவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்களிடம் வசூலிக்க இன்சூரன்ஸ் கம்பெனி வரும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. டெலிவரி ஆப் வேலை பெரும்பாலும் சுயதொழில்தான். வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் பிரச்சினை இரட்டிப்பாகும். இதைச் சொன்னால் முகம் வாடுகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஊர் லைசென்ஸில் பைக் இருந்தால், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். நடுவில் ஊருக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. இந்திய, இலங்கை லைசென்ஸ்களை மாற்றிக் கொடுக்கவும் மாட்டார்கள். பிறகு ப்ரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸ், சி.பி.டி., 125 சிசி வரை, முன்னும் பின்னும் எல் போர்டு. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மோட்டர்வேயில் ஏறக் கூடாது. சி.பி.டி. 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் தியரி பரீட்சை, மாட்யூல் 1, மாட்யூல் 2 என்ற ஓட்டிக்காட்டும் பரீட்சைகள் முடித்து முழு லைசென்ஸ் வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து ஹெல்மெட் சுமந்து வராதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருந்தால் இங்கே செல்லாது, பிரிட்டன் ஏற்கும் தர முத்திரை வேண்டும், பெரும்பாலும் அது ஈ.சி.ஈ. 22.05 அல்லது அதற்குப் பிந்தையது.

பத்து வருடம் ஊரில் ஓட்டியவர்களுக்குக் கிளட்சும் கியரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கழுத்தைத் திருப்பத்தான் சொல்லித்தர வேண்டும். வலப்பக்கம் திரும்பும் முன் கண்ணாடி பார்த்தால் போதாது, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். முழுப் பரீட்சையில் இதை விட்டுத் தோற்பவர்கள் நிறைய. அடுத்தது ஹெட்லைட். எதிர்வண்டி லைட் அடித்தால் நம் ஊரில் "நான் வர்றேன், நில்லு". இங்கே பலரும் "நீ போ" என்று அடிப்பார்கள். நீங்கள் பழக்கதோஷத்தில் லைட் அடித்துக்கொண்டே போனால், எதிரில் இருப்பவர் வழி கிடைத்தது என்று உங்கள் முன்னால் திரும்பிவிடுவார். ஆகவே லைட் அடிக்கவும் வேண்டாம், அடுத்தவர் அடித்ததை நம்பிப் போகவும் வேண்டாம். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுங்கள். மூக்கை நுழைத்தால் வழிவிடுவார்கள் என்ற கணக்கு இங்கே ஆகாது. சிக்னலில் சைக்கிள் படம் போட்ட கட்டத்துக்குள் நிற்காதீர்கள்.

பின்பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். காய்ந்த சாலையில் முன்பிரேக்குக்கு முக்கால் பங்கு, ஈரத்தில் பாதிப் பாதி, மெதுவாகக் கூட்டி. நவம்பரில் அழுகிய இலை, சாக்கடை மூடி, சாலையில் பூசிய வெள்ளைக்கோடு எல்லாம் வழுக்கும். பனி உறைந்த காலையில் வண்டியே எடுக்காதீர்கள். அன்று பஸ்ஸில் போங்கள், தயவுசெய்து.

பயிற்சிக்கு வரும் நாளில் ப்ரொவிஷனல் லைசென்ஸ், கெட்டியான ஜீன்ஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி. முதல் வேலையே 20 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வதுதான். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம், கட்டணமும் திரும்ப வராது.