கொய்யோவியம்: கடதாசி வெட்டும் கலைக்கு ஒரு தமிழ்ச் சொல்

மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கு, அதாவது அம்மன் கோயில் திருவிழா, நெருங்கினால் எங்கள் வீட்டு விறாந்தை முழுக்க டிசுக் கடதாசிதான். "மடி மனே, மறுகா மடி, இப்ப வெட்டு" என்று அம்மம்மா சொல்லச் சொல்ல, எட்டாக மடித்த தாளின் மடிப்போரத்தில் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கத்தரித்து எடுப்போம். விரித்தால் வலை போல ஒரு பூ. நூலில் ஒட்டிப் பந்தலில் கட்டினால் சோடனை. அந்த வேலையின் பெயரைக் கேட்டால் "கடதாசி வெட்டுறது" என்பார்கள், அவ்வளவுதான்.

மற்ற மொழிகளில் இதற்குத் தனிப்பெயர் உண்டு. 2009இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சீனத்து 'ஜியன்சி'க்குக் கத்தரித்த தாள் என்று பொருள். ஜப்பானியரின் 'கிரிகாமி'யில் கிரு வெட்டு, காமி தாள். ஜெர்மானியர் 'ஷேரன்ஷ்னிட்', அதாவது கத்தரிக்கோல் வெட்டு என்கிறார்கள். கறுப்பு உருவமாக மட்டும் வெட்டினால் 'சில்லுவெட்'. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிதி அமைச்சராக இருந்தவரின் பெயர் அது. தமிழில் அதற்கு நிழலுரு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, முழுக் கலைக்கும் நாம் என்ன சொல்வது? 'காகித வெட்டு' என்று எழுதுகிறார்கள். காகிதம் பாரசீகக் 'காகஸ்' வழி வந்தது. நம் கடதாசி போர்த்துக்கேயச் சொல். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள் பத்து வருடத்தில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் மொழிச் சொல் மட்டும் இன்னும் நம் வாயில் இருக்கிறது. அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த சொல் அது.

சிக்கல் 'வெட்டு' என்பதில்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெட்டு என்றால் முதலில் மனதில் வருவது வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை. தாள் என்றாலோ நெல்லின் தண்டும் தாள்தான். 'தாள்வெட்டு' என்று எழுதிவைத்தால் வயல்காரர் வேறு வேலையை நினைப்பார். 'நறுக்கு' நல்ல சொல், ஓலை நறுக்கு என்று பழைய வழக்கும் உண்டு, ஆனால் அதைப் பத்திரிகை நறுக்கு எடுத்துக்கொண்டது. கத்தரியோ வடமொழிக் 'கர்த்தரி'.

எனக்குச் சரியாகப் படுவது 'கொய்'. பூக்கொய்தல் எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாட்டில் 'கொய்சுவல் புரவி' வருகிறது, பிடரிமயிரை அழகாகக் கத்தரித்துவிட்ட குதிரை. இதைவிட முக்கியமானது, கொய்தலுக்குத் துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்தல் என்றும் பொருள் இருப்பது. சேலையின் முன்மடிப்பைக் கொய்யகம் என்கிறோமே, அது இந்த வினையிலிருந்து வந்ததுதான். மடிப்பதும் கொய்தல், கத்தரிப்பதும் கொய்தல். விறாந்தையில் அம்மம்மா சொல்லித்தந்த இரண்டு வேலையும் இந்த ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. கிரிகாமி, ஷேரன்ஷ்னிட் இரண்டும் வெட்டை மட்டுமே சொல்கின்றன, மடிப்பைச் சொல்வதில்லை.

'கொய்தாள்' என்று வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் 'அவள் கொய்தாள்' என்ற வினைமுற்றாகவே படிக்கப்படும். அதனால் கொய் + ஓவியம், கொய்யோவியம். மெய்யெழுத்துப் போலவே புணர்ச்சி. இதில் தாள் என்ற சொல்லே இல்லாதது ஒரு வசதி. தாளுக்கு முன்பே நம் கைகள் பழகிய குருத்தோலை வேலைக்கும் இது பொருந்தும். தோரணத்தில் ஓலையைக் கீறி மடித்துச் செய்யும் 'குருவி' தலை நிமிர்ந்திருந்தால் அது மங்கல வீடு, கவிழ்ந்திருந்தால் துக்க வீடு. வாசலில் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

கதை சொல்லிக்கொண்டே வெட்டுவதற்குக் 'கொய்கதை' என்று ஒரு துணைச்சொல் வைக்கலாம். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அப்படித்தான் செய்வார். கதை ஓடும், கத்தரிக்கோலும் ஓடும், முடியும்போது மடித்த தாளை விரித்துக் காட்டுவார். உள்ளே நடனக்காரிகளும் அன்னங்களும் இருக்கும்.

அப்புறம் ஒரு வேறுபாடு. மடிக்காமல், தாளைப் பலகையில் வைத்துக் கத்தியால் குடைந்தெடுக்கும் முறையும் சீனத்தில் உண்டு. அதைக் கொய்யோவியத்தில் சேர்க்க வேண்டாம், 'செதுக்குதாள்' என்றே சொல்லலாம்.